பாக்கியலட்சுமி அக்காவின் பங்குனி மாலை

சிங்கப்பூரில் வசந்தம் கிடையாது. பதினெட்டு வருடமாக உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாக இந்தத் தெருக்களில் நடந்து காலைத் தேய்த்தவன் சொல்கிறேன். இங்கே இருப்பது வெயில், மழை, மழைக்கு முந்தைய புழுக்கம். அவ்வளவுதான். ஆனாலும் போன மார்ச் மாதம் லிட்டில் இந்தியாவில் மூன்று வாரம் ‘வசந்த மலர் விழா’ நடத்தியே தீருவது என்று யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். தெருவுக்குக் குறுக்கே துணிப்பூ வளைவுகள் வைத்தார்கள். விளக்குக் கம்பங்களில் காகிதச் செர்ரிப்பூக்களைச் சுற்றினார்கள். வருகிறவர்கள் நிஜப் பூவையும் பார்க்க வேண்டுமே என்பது கடைசியில்தான் யாருக்கோ உறைத்திருக்கிறது. அதற்கு எங்கள் பாக்கியலட்சுமி அக்காவின் பூக்கடையைப் பிடித்தார்கள்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. செம்பவாங்கில் பிறந்தவர். அப்பா கப்பல் பட்டறையில் வர்ணம் அடித்தவர். உயர்நிலை இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஈயம் வைத்து ஒட்டும் வேலையை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது அவருக்கு முப்பத்தெட்டு. அதன் பிறகு இந்தப் பூக்கடைக்குக் கூலி வேலைக்கு வந்தவர், ஐந்தாம் வருடம் பழைய முதலாளி போதும் என்று ஒதுங்கியபோது கடையைத் தாமே எடுத்துக்கொண்டார். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கடைவீடுகளின் முகப்பில் ஓடும், அஞ்சடி என்று நாங்கள் சொல்கிற நடைபாதையில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஆறடி அகலம். உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும்.

அக்காவுக்கு வாய் நீளம். எதிர்த்த தேநீர்க் கடையில் பன்னிரண்டு வருடமாக நாள் தவறாமல் உட்கார்கிறேன். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. பேரம் பேசினால் ஒரு பார்வை. பூவை விரலால் அழுத்திப் பார்த்தால் ஒரு அதட்டல். முகர்ந்து பார்த்துவிட்டால் போச்சு. அந்தப் பூவைக் காகிதத்தில் சுற்றி, முகர்ந்தவர் கையிலேயே கொடுத்து, காசு வேண்டாம், போய்விட்டு வாருங்கள் என்பார். அந்த ‘வாருங்கள்’ வரச் சொல்வது அல்ல என்று கேட்கிறவருக்கே தெரியும்.

சாமிக்குப் போகும் பூவை மனிதர் முகரக் கூடாது. வாசனை முதலில் சாமிக்கு. இந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கே தெரியும். என் பெயர் சாகுல் ஹமீது. நான் தொழுவது வேறு இடத்தில். ஆனால் பதினெட்டு வருடமாக வெள்ளைக்காரர், சீனர், கொரியர் என்று வருகிறவர் எல்லோருக்கும் இதைச் சொல்லியே சம்பாதித்திருக்கிறேன். அக்கா ஒரு படி மேலே போவார். கட்டும்போதே முகத்தை ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டுதான் கட்டுவார். சளி பிடித்த நாளில் கோயில் மாலையைத் தொடவே மாட்டார். கோயிலுக்குப் போகிற பூவெல்லாம் கடைக்கு உள்ளே, மூடி போட்ட அலுமினிய அண்டாவில், ஈர வாழையிலைக்கு நடுவில் இருக்கும். வெளியே தொங்குவது வீட்டுப் படங்களுக்கும், கார் கண்ணாடிக்கும், கல்யாண வீட்டுக்கும்.

பத்தொன்பது வருடமாகப் பக்கத்துக் கோயில் முருகனுக்கு அவர்தான் மாலை. தினசரி மாலை ஒரு பக்கம் இருக்கட்டும். பங்குனி உத்திரத்தன்று உற்சவருக்குச் சாத்தும் ஆறடி மாலைதான் அவருடைய வருடம். முதல் நாள் குளித்து, சாப்பிடாமல், மத்தியானம் உட்கார்ந்தால் மாலை முடிகிற வரை யாரோடும் பேச மாட்டார். அந்த ஒரு நாள்தான் தெரு நிம்மதியாக இருக்கும் என்று நான் கேலி செய்வதுண்டு. ஒரு தடவை மகள் ரோஷினிக்குச் சங்கிலி வாங்க நகைக்கடைக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார்: “முருகன் கழுத்து அளவு எனக்கு விரக்கடையில தெரியும் பாய். எம்மவ கழுத்து அளவ அந்தக் கடைக்காரன் கேக்கிறான், எனக்குச் சொல்லத் தெரியல.”

விழாவுக்கு வருகிறேன். ஒருங்கிணைப்பாளர் நிவேதிதாவுக்கு இருபத்தேழு வயது. கெட்ட பெண் இல்லை. எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று அன்பாகத்தான் கூப்பிடும். கையில் எப்போதும் ஒரு டேப்லெட். கடைக்காரர்களையும் வழிகாட்டிகளையும் கூப்பிட்டு வைத்து விழாவின் மதிப்பை விளக்கியது. ஒரு வருகையாளர் இங்கே கூடுதலாக நாற்பது நிமிடம் நின்றால் எத்தனை கடைக்குப் பிழைப்பு, எத்தனை அறைக்கு ஆள் என்று படம் போட்டுக் காட்டியது. அதில் பொய் இல்லை. ஜாலான் புசாரில் இருபத்திரண்டு அறை வைத்துச் சின்ன ஹோட்டல் நடத்தும் என் சிநேகிதர் நெய்னா முகம்மது, அந்த மூன்று வாரமும் அறை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார். கொரோனாவில் ஒன்றரை வருடம் உணவு விநியோகம் செய்து காலம் தள்ளிய நான், நாளுக்கு இரண்டு நடை கூட்டிப் போனேன். ஆகவே பூ விழாவால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அந்தச் சோற்றைத் தின்றவன் நான்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். வழிகாட்டிகள் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நான்காவது நிறுத்தம் பூக்கடை. தொடுங்கள், முகருங்கள், அனுபவியுங்கள் என்று வருகையாளர்களை அழைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதை எழுதியவர் ஒரு நாளாவது வெள்ளிக்கிழமை பூ வாங்கியிருப்பாரா? இங்கே பூவை முகரக் கூடாதும்மா என்று நிவேதிதாவிடம் சொன்னேன். “தெரியும் அங்கிள். பட் விசிட்டர்ஸ்க்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் வேணும்லா. வெளிய தொங்குறது மட்டும்தான், ஓகே?” என்றது. நான் ஓகே என்றேன். பதினெட்டு வருட அனுபவம் ஒரு ஓகேயில் முடிந்தது.

முதல் சனிக்கிழமை. பயணக் கப்பலில் வந்த இருபது பேரை அக்கா கடைக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் நிவேதிதா கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. உயரமான ஓர் ஆஸ்திரேலிய அம்மாள், தொங்கிய மல்லிகை மாலையைப் பார்த்துவிட்டு, முகரலாமா என்று என்னைக் கேட்டார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்டுவிட்டுத்தான் செய்தார். தாராளமாக, முகர்ந்து பாருங்கள் என்று சொன்னது நான்தான். ஆங்கிலத்தில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அப்போது அக்கா உள்ளே குனிந்து பூப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், வேண்டாம் என்று கையை நீட்டினார். அதற்குள் அந்த அம்மாள் மாலையில் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, ஆகா என்றுவிட்டார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் ஆளுக்கொரு மாலை. கூட்டம் நகர்ந்ததும் அக்கா அந்த ஐந்து மாலைகளையும் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டதை நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது நிறுத்தத்துக்கு நேரமாகிவிட்டது.

விழாவின் சமூக ஊடகப் பக்கத்தில் மறுநாள் வந்த காணொளி ஒன்பது விநாடி ஓடும். என் குரலை எடுத்துவிட்டு ஒரு சிதாரைப் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் முகர்கிறார். பக்கத்தில் அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தடுக்க நீட்டிய கை, பார்க்கிறவருக்குக் கொடுக்க நீட்டிய கையாகத் தெரிகிறது. கீழே, ‘இந்த ஆன்ட்டி உங்களைப் பூ முகர அழைக்கிறார்’ என்று எழுதி ஒரு செர்ரிப்பூ. கடைப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று நிவேதிதா எனக்குச் சந்தோஷமாகச் செய்தி அனுப்பியது.

அந்த லட்சம் பேரில் நம் ஆட்களும் இருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு முகரக் கொடுத்துவிட்டு, அந்த மாலையையே கோயிலுக்கு அனுப்புகிறாளாம் என்று வாட்ஸ்ஆப்பில் கிளம்பிவிட்டது. ஒன்பது விநாடி பார்த்தவர்களுக்குப் பத்தொன்பது வருடம் தெரியுமா? செவ்வாய்க்கிழமை கோயில் அலுவலகத்திலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. நாளை முதல் மாலை வேண்டாம், பங்குனி உத்திரத்துக்கும் வேறு ஏற்பாடு என்றார்கள்.

அக்கா நேரில் போனார். போனவர் நிதானமாக விளக்கியிருக்கலாம். அதுதான் அவருக்கு வராதே. செயலாளர் இராமசாமி ஐயா, நடந்ததைப் பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். பத்தொன்பது வருடம் கட்டியவளிடம் சாட்சி கேட்கிறீர்களா என்று இவர் எழுந்து வந்துவிட்டார். இதைத் தேநீர்க் கடை வரை கேட்கும்படி அவரே சொன்னார்.

நான் கொதித்தேன். யார் கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு பேசினேன். நெய்னா முகம்மதிடம் விழாக்காரர்களைத் திட்டினேன். தேநீர்க் கடைக்காரரிடம் கோயில்காரர்களைத் திட்டினேன். வீட்டுக்குப் போய், அடுத்த பேட்டை குவீன்ஸ்டவுன் வரை கேட்க வேண்டுமா என்று என் மனைவி மைமூன் கதவைச் சாத்தும் அளவுக்குத் திட்டினேன். என் வாயில் விழாத ஒரே ஆள் நான்தான்.

உத்திரத்துக்கு மூன்று நாள் முன்பு கோயில் அலுவலகத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன என்னை இராமசாமி ஐயா மரியாதையாக உட்கார வைத்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர். நான் அந்த ஐந்து மாலைகள் குப்பைக்குப் போனதைச் சொன்னேன். கோயில் பூ அண்டாவுக்குள் இருப்பதைச் சொன்னேன். அக்கா கை நீட்டியது தடுக்கத்தான் என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

“நான் நம்புறேன் பாய். நாளைக்குக் கமிட்டி கேக்கும். அந்தம்மா மோக்கச் சொல்லலைன்னா, வேற யாரு சொன்னது?”

“விழாக்காரங்க தாள்ல எழுதிக் குடுத்தது ஐயா.”

“எழுதினது இருக்கட்டும். அந்த இடத்துல வாயத் திறந்து சொன்னது யாரு?”

எவ்வளவு சுலபமான கேள்வி. நான் என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒன்றரை வார நடை போயிருக்கும். அடுத்த வருட விழா போயிருக்கும். முகரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய சாகுல் ஹமீது முகரச் சொன்னானாம் என்று அதே வாட்ஸ்ஆப்பில் என் பெயர் ஓடியிருக்கும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்காகத் தோன்றியது பாருங்கள்.

“கூட்டம் ஐயா,” என்றேன். “யாருன்னு நான் கவனிக்கல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் கமிட்டியில என்னத்தச் சொல்றது?” என்றார். வெளியே வந்து, பேசிவிட்டேன் அக்கா, பிடிவாதக்காரர்களாக இருக்கிறார்கள் என்று கடை வாசலில் நின்று சொன்னேன். அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு உதிரிப்பூ போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். சரி பாய் என்றார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மனம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி உத்திரத்தன்று மொத்த வியாபாரி ஒருவரின் வேன் தெர்மோகோல் பெட்டியில் மாலையைக் கொண்டு வந்து இறக்கியது. நான் சுற்றுலாக் கூட்டத்தோடு எதிர்ச் சாரியில் நின்றிருந்தேன். மத்தியானம் அக்கா பட்டுச் சேலை கட்டி, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று, உள்ளே போய் வந்தார். என்னைக் கடந்தபோது, மாலை முழங்காலுக்கு வரவில்லை, தொடையிலேயே நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். என் கூட்டத்தில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, காணொளியில் வந்த ஆன்ட்டி என்று கூடச் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார். அக்கா நிற்காமல் கடைக்குப் போனார்.

விழா முடிந்து, கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து, பெரிய ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் நன்றி சொல்லும் கூட்டம். அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிவேதிதா இரண்டு தடவை கடைக்குப் போய்க் கெஞ்சி, இரண்டு நிமிடம் பேசலாம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையில் ஒருவர் வசந்த மலர் விழா ஊருக்குத் தந்த மதிப்பைத் திரையில் காட்டினார். வந்தவர்கள் இத்தனை சதவீதம் கூடுதல். ஹோட்டல் அறைகள் இத்தனை சதவீதம். தெருவில் சராசரியாக நின்ற நேரம் இத்தனை நிமிடம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஒரு மாலை குறைந்ததைப் போட அந்தத் திரையில் கட்டம் இல்லை.

பிறகு விழாவின் முகம் என்று அறிவித்து அந்தக் காணொளியைப் போட்டார்கள். இந்தத் தடவை சிதார் இல்லை. எடுத்தபடியே, முழுசாக, சத்தத்தோடு போட்டார்கள். தாராளமாக, முகர்ந்து பாருங்கள் என்று என் குரல் அந்தக் கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் வந்தது. வழிகாட்டிகள் உட்கார்ந்திருந்த வரிசையில் யாரோ சிரித்து என் தோளைத் தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்காவை மேடைக்கு அழைத்து நினைவுப் பரிசாக ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. ஒலிவாங்கியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“அந்தப் படத்துல நான் கைய நீட்டுறது குடுக்க இல்ல. தடுக்க. சாமிப் பூவ மோக்கச் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. இத அந்தப் படத்தைப் பாத்த அத்தன பேருக்கும் நீங்க எழுதிப் போடுங்க. இந்தக் கண்ணாடிய நீங்களே வச்சுக்கங்க.”

கைதட்டுவதா வேண்டாமா என்று கூடத்துக்குத் தெரியவில்லை. நிவேதிதாவின் முகம் வெளுத்துவிட்டது. முகரச் சொன்னது யார் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மெல்ல, அந்தக் குரல் என்னுடையதுதான் அக்கா, இப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கே காதுல விழுந்துச்சு பாய். ஆறடிக் கடையில எங்க போய் விழாம இருக்கும்?”

கோயிலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்க சாட்சி சொல்லப் போறீங்கன்னு தேநீர்க் கடையில சொன்னாங்க. சரி, மனுஷன் தானே சொல்லிடுவாருன்னு நெனச்சேன். அன்னிக்கே பூவுக்குச் சொல்லி வச்சுட்டேன். நீங்க வந்து பிடிவாதம்னு சொன்ன பெறகும், இன்னும் நாள் இருக்கே, சொல்லிடுவீங்கன்னு உத்திரத்துக்கு மொத நாள் குளிச்சுட்டு உக்காந்து ஆறடியும் கட்டிட்டேன். கோயில்லேர்ந்து யாராச்சும் வருவாங்கன்னு மறுநாள் பதினோரு மணி வரைக்கும் அண்டாவத் தொறக்காம வச்சிருந்தேன்.”

சாப்பாடு தொடங்குமுன் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை, கோயில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே நான் வாசலில் போய் நின்றேன். இராமசாமி ஐயாவிடம் நான் என்கிற அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். பங்குனி உத்திரம் முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.